ஜிபிஎஸ் இல்லாத போனில் இருப்பிடம் தவறாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஜிபிஎஸ் சிப் இல்லாத போனுக்கும் தான் எங்கே இருக்கிறது என்று ஓரளவு தெரியும். சுற்றியுள்ள வைஃபை ரவுட்டர்கள், தொடர்பிலுள்ள செல்போன் டவர், இணைய இணைப்பின் ஐபி முகவரி, வெளியிலிருந்து ப்ளூடூத்தில் இணைக்கும் ஜிபிஎஸ் கருவி என நான்கு வழிகளில் அது தகவல் பெறலாம். சிக்கல் வரும்போது முதலில் கேட்க வேண்டியது, இப்போது பதில் சொல்வது இந்த நால்வரில் யார் என்பதுதான். ஆளைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. கண்டுபிடிக்காமல் செட்டிங்ஸில் கண்டதையெல்லாம் மாற்றினால் பொழுதுதான் போகும்.

ஆளைக் காட்டிக்கொடுப்பது மேப்பில் நீலப்புள்ளியைச் சுற்றி வரும் வெளிர்நீல வட்டம். அது ஒரு கட்டடம் அளவுக்கு, அதாவது சில பத்து மீட்டர்களுக்குள் இருந்தால் வைஃபை. சில நூறு மீட்டர் முதல் பல கிலோமீட்டர் வரை விரிந்தால் டவர். ஊரையே விழுங்கினால் ஐபி முகவரி. சில மீட்டருக்குச் சுருங்கினால் செயற்கைக்கோளைப் பார்க்கும் ஏதோ ஒரு கருவி வேலை செய்கிறது. இன்னொன்று: ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்துக்குள் நீங்கள் இருப்பதற்கான வாய்ப்பு 68 சதவீதம்தான். மூன்றில் ஒரு முறை நீங்கள் வட்டத்துக்கு வெளியே இருந்தால் அது பழுதல்ல, கணக்கே அப்படித்தான்.

முதலில்: உண்மையிலேயே ஜிபிஎஸ் இல்லையா?

செயற்கைக்கோள்களைப் பட்டியலிடும் சோதனைச் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு, திறந்த வானத்தின் கீழே பத்துப் பதினைந்து நிமிடம் போனை வையுங்கள். ஒரு செயற்கைக்கோள்கூடப் பட்டியலில் வராவிட்டால் சிப் இல்லை, அல்லது முழுதாகச் செத்துவிட்டது. செயற்கைக்கோள்கள் வருகின்றன, ஆனால் இடம் மட்டும் கிடைக்கவில்லை என்றால் சிப் இருக்கிறது, சிக்னல்தான் பலவீனம். அந்த நிலைக்கு இந்தக் கட்டுரை உதவாது.

வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் ஐபேடுகளில் உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். 2007இல் வந்த முதல் ஐபோனிலும் ஜிபிஎஸ் இல்லை. 2008 ஜனவரியில் வந்த மென்பொருள் மேம்படுத்தல்தான் டவரையும் வைஃபையையும் வைத்து இடம் காட்டும் வசதியை அதற்குக் கொடுத்தது. ஜிபிஎஸ் வந்தது அதே ஆண்டு ஜூலையில், ஐபோன் 3ஜியில். ஆக, சிப் இல்லாமல் இடம் காட்டுவது ஒட்டுவேலை அல்ல. பல ஆண்டுகளாகப் பழகிய தொழில்நுட்பம், எல்லை தெரிந்து பயன்படுத்தினால் போதும்.

அறிகுறி: “இருப்பிடம் கிடைக்கவில்லை” என்று மட்டும் வருகிறது

பழைய ஆண்ட்ராய்டு என்றால் நேராக லொக்கேஷன் செட்டிங்ஸுக்குப் போய் எந்த முறை தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 4.4 முதல் 8 வரை அங்கே மூன்று தேர்வுகள் இருக்கும். அதில் ‘சாதனம் மட்டும்’ என்பது ஜிபிஎஸ்ஸை மட்டும் கேட்கச் சொல்வது. சிப்பே இல்லாத போனில் அதைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் பதில் வராது. ‘உயர் துல்லியம்’ அல்லது ‘பேட்டரி சேமிப்பு’க்கு மாற்றுங்கள். சிப் இல்லாத போனுக்கு இவை இரண்டும் ஒன்றேதான். ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த மூன்றும் போய், கூகுளின் ‘இருப்பிடத் துல்லியம்’ என்ற ஒரே சுவிட்ச் வந்தது. அது ஆனில் இருக்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் அடுத்து இவற்றைப் பாருங்கள். வைஃபை ஆனில் இருக்கிறதா? எந்த ரவுட்டரோடும் இணைந்திருக்க வேண்டியதில்லை; அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் அடையாள எண்கள் காதில் விழுந்தால் போதும். இணையம் இருக்கிறதா? போன் அந்த எண்களைச் சர்வருக்கு அனுப்பி, “இவை எங்கே இருக்கின்றன?” என்று கேட்டுத்தான் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. செயலிக்கு லொக்கேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா? ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த அனுமதி இல்லாத செயலிக்குச் சுற்றியுள்ள ரவுட்டர்களின் பட்டியலே தரப்படாது.

எல்லாம் சரி, வீட்டில் வைஃபையும் இருக்கிறது, இன்னும் வரவில்லையா? சுற்றுவட்டாரத்தில் வேறு ரவுட்டரே இல்லாத தனி வீடாக இருக்கலாம். கூகுளின் இருப்பிடச் சேவை வைஃபையை வைத்துக் கணிக்கக் குறைந்தது இரண்டு ரவுட்டர்களையாவது கேட்கும். ஒரே ரவுட்டரின் எண்ணைக் கொடுத்து இன்னொருவரின் வீட்டை வேவு பார்க்கக் கூடாது என்பதற்கு இது நல்ல தடுப்பு. ஆனால் தோப்பு நடுவே தனியாக இருப்பவருக்கு இதனால் பதில் கிடைக்காது. அவருக்கு டவர்தான் கதி.

பிரவுசரில் மட்டும் வராமல் செயலியில் வந்தால், அந்தத் தளத்தின் முகவரியைப் பாருங்கள். முகவரி https என்று தொடங்காத, பாதுகாப்பற்ற இணைப்பில் வரும் தளங்களுக்கு இடத்தைச் சொல்வதை குரோம் 2016லேயே நிறுத்திவிட்டது.

கூகுள் சேவைகளே இல்லாத ஆண்ட்ராய்டாக இருந்தால் ரவுட்டர் எண்ணைக் கொடுத்து இடம் கேட்க ஆளே இல்லை. மைக்ரோஜி போன்ற மாற்று நிறுவி, அதில் நெட்வொர்க் இருப்பிட வசதியை ஆன் செய்ய வேண்டும்.

அறிகுறி: புள்ளி வருகிறது, வட்டம் பல கிலோமீட்டர் பெரிதாக இருக்கிறது

இங்கே பதில் சொல்வது டவர். வைஃபை ஆஃபில் இருக்கலாம், அல்லது நீங்கள் இருக்கும் பகுதியில் பதிவான ரவுட்டர்கள் இல்லாமல் இருக்கலாம். வைஃபையை ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். போன் எப்போதும் வைஃபையோடு இணைந்திருக்க வேண்டாம் என்றால், லொக்கேஷன் செட்டிங்ஸுக்குள் ‘வைஃபை ஸ்கேனிங்’ என்று தனியாக ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் போதும்.

மாற்றமில்லையா? அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் செயலிக்கு ‘துல்லியமானது’, ‘தோராயமானது’ என இரண்டு விதமாக அனுமதி கொடுக்கலாம். தோராயமானதைத் தட்டியிருந்தால், போனுக்கு உங்கள் தெருவே தெரிந்திருந்தாலும் செயலிக்குப் போவது ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்புதான். ஐபோன், ஐபேடில் ஐஓஎஸ் 14 முதல் இதே வசதி உண்டு. வட்டம் பெரிதாக, நகராமல், அடம்பிடித்து நிற்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

அதுவும் இல்லையென்றால் டவரின் எல்லையைப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு டவர் பொதுவாக மூன்று திசைகளுக்குத் தனித்தனி ஆன்டெனா வைத்திருக்கும். ஒவ்வொன்றும் 120 பாகை அகலத்துக்குப் பேசும். உங்கள் போன் அறிவது ‘இந்த டவரின் இந்தத் திசை’ என்பதை. தூரத்தை ஓரளவு நெட்வொர்க் அறியும். 2ஜியில் போனின் சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தை 0 முதல் 63 வரை படிகளாக அளக்கிறார்கள். ஒரு படி ஏறத்தாழ 550 மீட்டர். 63ஆம் படியில் தூரம் 35 கிலோமீட்டரைத் தொடும். வழக்கமான 2ஜி டவரின் எல்லை அதுதான். 4ஜியில் ஒரு படி சுமார் 78 மீட்டர், அதனால் அங்கே நிலைமை கொஞ்சம் மேல். ஆனால் இந்த அளவுகளைச் சாதாரணச் செயலிகள் எல்லாப் போனிலும் படிக்க முடியாது. படிக்க முடிந்தாலும் நமக்குக் கிடைப்பது ஒரு வளைவு, புள்ளி அல்ல.

நகரத்தில் டவர்கள் நெருக்கமாக நிற்பதால் வட்டம் சில நூறு மீட்டர். ஊருக்கு வெளியே கிலோமீட்டர் கணக்கு. இதைச் செட்டிங்ஸில் குறைக்க முடியாது.

அறிகுறி: வட்டம் சின்னது, ஆனால் காட்டுவது வேறு ஊர்

இதுதான் ஆளைக் குழப்புவது. போன் முழு நம்பிக்கையோடு தப்பாகச் சொல்கிறது. காரணம் பெரும்பாலும் ரவுட்டர் இடம் மாறியது. வீடு மாறும்போது ரவுட்டரையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள், ஆனால் கூகுள், ஆப்பிள் பதிவேட்டில் அதன் மேக் முகவரி, அதாவது அந்த அடையாள எண், இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறது. பல கிளைகளுக்கு ரவுட்டர்களைச் சுற்றுக்கு விடும் அலுவலகங்களிலும் கண்காட்சி அரங்குகளிலும் இது சகஜம்.

சரிசெய்ய: ஜிபிஎஸ் உள்ள வேறு ஒரு போனை அந்த ரவுட்டர் அருகே லொக்கேஷன் ஆனில் வைத்துச் சில நாட்கள் வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். பதிவேடு இப்படி வந்துபோகும் போன்களின் மூலமாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. எத்தனை நாளில் மாறும் என்பது உங்கள் கையில் இல்லை. அவசரம் என்றால் ரவுட்டரைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு, அக்கம்பக்கத்து ரவுட்டர்களை மட்டும் வைத்து இடம் எடுத்துப் பாருங்கள். அது சரியாக வந்தால் குற்றவாளி உங்கள் ரவுட்டர்தான் என்று உறுதி.

அறிகுறி: வேறு நாட்டையே காட்டுகிறது

இணைய இணைப்பை வேறு ஊர் வழியே திருப்பிவிடும் விபிஎன் ஆனில் இருக்கும். அணைத்துப் பாருங்கள். விபிஎன் இல்லாமலே தலைநகரத்தைக் காட்டினால், உங்கள் இணைய நிறுவனத்தின் ஐபி முகவரி அங்கே பதிவாகியிருக்கிறது. எப்படியானாலும், ஐபி முகவரிவரை போன் இறங்கி வந்திருக்கிறது என்றாலே வைஃபையும் டவரும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். முதல் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: உட்கார்ந்த இடத்திலேயே புள்ளி தாவுகிறது

இரண்டு டவர்களின் சிக்னல் சமபலத்தில் வரும் இடங்களில் போன் மாறி மாறி இரண்டையும் பிடிக்கும். ஏரி, கடல், மலைச்சரிவு ஓரங்களில் எதிர்க்கரை டவர்கூட மாட்டும். நடுவே மறைக்க ஒன்றுமில்லையே. மேல்மாடியிலும் அப்படித்தான்.

4ஜி போனில் இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. டவர் விவரம் காட்டும் செயலியில் வரும் செல் எண்ணை 256ஆல் வகுங்கள். ஈவு டவரின் எண், மீதி அதன் திசை. உதாரணமாக 1024258 என்று வந்தால் ஈவு 4001, மீதி 2. தாவும்போது மீதி மட்டும் மாறினால் ஒரே டவரின் வேறு முகம். ஈவும் மாறினால் வேறு டவர். ஒரு சில நிமிடம் கவனித்து, எந்த எண் வரும்போது வட்டம் சிறிதாக இருக்கிறதோ அதை நம்புங்கள். தாவும் புள்ளியை வைத்து, ‘இடது பக்கம் திரும்பவும்’ என்று குரல் சொல்லும் வழிகாட்டியை ஓட்டாதீர்கள். திரும்ப வேண்டிய இடம் தாண்டிய பிறகுதான் அது சொல்லும்.

அறிகுறி: ஊருக்குள் சரி, சாலையில் போனால் தொலைந்துவிடுகிறது

வைஃபைக்கு அப்பால் போய்விட்டீர்கள். இதற்குத் தீர்வு வெளிக்கருவிதான். ப்ளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர் என்று கிடைக்கும் சின்னப் பெட்டி செயற்கைக்கோளைப் பார்த்து, போனுக்கு இடத்தைச் சொல்லும். ஜிபிஎஸ் உள்ள இன்னொரு போன் கையில் இருந்தால் அதையே ரிசீவராக்கி, ப்ளூடூத் வழியே தகவல் அனுப்ப வைக்கும் செயலிகளும் உண்டு. வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை: பழைய ரிசீவர்கள் பேசுவது ப்ளூடூத்தின் சீரியல் போர்ட் முறை. ஐபோனும் ஐபேடும் அந்த முறையில் பேசா. ஆப்பிள் அங்கீகாரம் பெற்ற கருவி என்று பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் வெறுமனே இணைத்தால் மட்டும் ஒன்றும் நடக்காது. இணைக்கும்போது எண் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234. பிறகு ரிசீவரின் தகவலை வாங்கித் தரும் செயலி ஒன்றை நிறுவ வேண்டும். அடுத்து, போனைப் பற்றிய பகுதியில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பக்கம் திறக்கும். அங்கே ‘போலி இருப்பிடச் செயலி’யாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து வரும் எந்த இடத்தையும் ஆண்ட்ராய்டு போலி என்றே அழைக்கும். அந்தப் பெயரால் ஒரு தொல்லை மட்டும் உண்டு: சில வங்கிச் செயலிகளும் வருகைப்பதிவுச் செயலிகளும் விளையாட்டுகளும் இதைக் கண்டால் வேலை செய்ய மறுக்கும். அவற்றைத் திறக்கும்போது தேர்வை எடுத்துவிடுங்கள்.

ரிசீவர் இணைந்த பிறகும் வரக்கூடிய கோளாறுகள் சில.

இணைந்திருக்கிறது, இடம் வரவில்லை. பல மாதம் அலமாரியில் கிடந்த கருவி என்றால் பொறுமை வேண்டும். செயற்கைக்கோள் தகவல் அனுப்பும் வேகம் நொடிக்கு 50 பிட் மட்டுமே. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியல் முழுதாக இறங்க 12.5 நிமிடம் பிடிக்கும். ஓடும் வண்டியில் வைத்துத் தொடங்காமல், வெட்டவெளியில் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அதன்பின் அடுத்தடுத்த முறை ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிடும்.

இடம் வருகிறது, தேதி ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு முந்தையது. இது பழைய கருவிகளின் வியாதி. ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணி மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படிச் சுழன்றது; அடுத்தது 2038 நவம்பர். கணக்கில் 1024 வாரம் பின்தங்கிய கருவியின் இடம் சரியாகவே இருக்கும். ஆனால் ‘இது பழைய தகவல்’ என்று சில செயலிகள் தூக்கியெறிந்துவிடும். தேதியைப் போனிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வசதி செயலியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். தயாரிப்பாளர் கைவிட்டிருந்தால் வேறு கருவிதான்.

எப்போதும் சில கிலோமீட்டர் முதல் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வரை தள்ளியே காட்டுகிறது. எண்ணை நீங்களே ரிசீவரின் வரியிலிருந்து படித்து மேப்பில் போட்டீர்களா? என்எம்இஏ என்ற அந்த வடிவத்தில் பாகையும் கலையும் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஒட்டிக்கொண்டு வரும். 1354.000 என்றால் 13.54 பாகை அல்ல. 13 பாகை, 54 கலை. 54ஐ 60ஆல் வகுத்து 13.9 பாகை என்று போட வேண்டும். இந்த வித்தியாசமே 0.36 பாகை, ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால் 40 கிலோமீட்டர் விலகல்.

சரியாக வந்து, நடுநடுவே பழைய டவர் இடத்துக்குத் தாவுகிறது. போனின் சொந்த நெட்வொர்க் இருப்பிடமும் ரிசீவரும் போட்டி போடுகின்றன. ரிசீவரைப் பயன்படுத்தும்போது மட்டும் ‘இருப்பிடத் துல்லியம்’ சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அறிகுறி: புள்ளி கடலுக்குள் நிற்கிறது

ஆப்பிரிக்காவின் மேற்கே, கினி வளைகுடாவில் நிற்கிறதா? அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 சந்திக்கும் இடம் அது. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வேண்டிய செயலி சுழியைக் கொடுத்துவிட்டது. வேறு கடல் என்றால் இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கும், அல்லது தெற்கு, மேற்குக்குப் போட வேண்டிய கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும். முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை என்பதே மேப் செயலிகளின் வழக்கம். சில மென்பொருள்கள் தலைகீழாகக் கேட்கும்.

அறிகுறி: இணையம் இல்லை, சாதாரண பட்டன் போன்தான் இருக்கிறது

மெனுவில் ‘செல் தகவல்’ அல்லது ‘செல் பிராட்காஸ்ட்’ என்று இருந்தால் ஆன் செய்து, சேனல் எண் 050ஐச் சேர்த்துப் பாருங்கள். நெட்வொர்க் அதை அனுப்பினால் திரையில் பகுதியின் பெயர் வரும். எல்லா நிறுவனங்களும் இப்போது அனுப்புவதில்லை. போன் டவர் எண்ணைக் காட்டினால் அதைக் குறித்து, இணையம் உள்ள ஒருவரிடம் சொல்லி ஓப்பன்செல்ஐடி தளத்தில் தேடச் சொல்லலாம். நாட்டு எண், நிறுவன எண், பகுதி எண், செல் எண் நான்கும் வேண்டும். கடைசி ஒன்றை மட்டும் சொன்னால் போதாது. பழைய குறிப்புகளில் பார்க்கும் மொசில்லாவின் இருப்பிடச் சேவையைத் தேடி அலைய வேண்டாம், அது 2024இல் மூடப்பட்டுவிட்டது.

அறிகுறி: நான் அனுப்பிய இடத்துக்கு வந்தவர் வேறெங்கோ நிற்கிறார்

உங்கள் திரையில் தெரிந்த வட்டம் அவருக்குப் போகவில்லை. அவர் பார்த்தது ஒரு கூர்மையான ஊசிக்குறி மட்டும். வட்டம் 800 மீட்டர் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எனவே ‘என் தற்போதைய இருப்பிடம்’ என்ற பொத்தானைத் தட்டாதீர்கள். மேப்பைப் பெரிதாக்கி, செயற்கைக்கோள் படத்தில் உங்கள் கட்டடத்தைக் கண்ணால் தேடி, அதன்மேல் விரலை அழுத்திக் குறி வைத்து, அந்தக் குறியை அனுப்புங்கள். குறியோடு பிளஸ் கோடும் (இடத்தைச் சுட்டும் எழுத்துக் குறியீடு) வரும். பத்து எழுத்து பிளஸ் கோடு ஏறத்தாழ 14 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும், எந்த வீடு என்று கண்டுபிடிக்க அது போதும். வட்டத்துக்குள் தெரிந்த கட்டடம் எதுவும் கண்ணில் படவில்லையென்றால், அருகிலுள்ள சந்திப்புவரை நடந்து போய் அங்கிருந்து அனுப்புங்கள்.